ஆவியானது

ஹுஃபூஃபைத் தாண்டித் தெற்கே போகும் ரயில்
எங்கள் ஊரில் நான்கு நிமிடம் நிற்கும்.
டீசல் எஞ்சின். அதற்குத் தண்ணீர் வேண்டாம்.
தண்டவாளம் போட வந்தவர்களுக்குத்தான்
தாகம் எடுத்தது.

அவர்களுக்காகத் துளைத்த கிணறு இது.
அதற்கு முன் இங்கே ஓர் ஊற்று இருந்ததாம்,
கோடையில் ஒட்டகங்கள் தாமாக வந்து நிற்குமாம்.
குழாய் இறங்கிய இரண்டாம் வருஷம் அது நின்றுபோனது.
இது எந்தப் பேரேட்டிலும் இல்லை.
முத்லக்கின் லாரியில் முன்சீட்டில் இருந்தபோது கேட்டது.

பம்ப் அறைச் சாவியோடு
பதினொரு பேரேடுகள் தந்தார்கள்.
முதல் மூன்றும் சில்வேரா, கோவாக்காரர்,
சாய்ந்த ஆங்கிலம், பழுப்பேறிய மை.
பிறகு பாவஸீரின் அரபி.
பிறகு கொச்சுண்ணி. ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவார்.
கடைசி நான்கும் பிலவேந்திரன்,
மோட்டார் எரிந்த நாளில்
"நாசமாய்ப் போக" என்று தமிழில் எழுதிவிட்டு
அடித்திருக்கிறார்.

தொண்ணூறு அடியில் இருந்தது முதலில்.
பிறகு நூற்று நாற்பது, இருநூற்றுப் பத்து.
ஒவ்வொரு முறை குழாயை இறக்கும்போதும்
உப்பு ஒரு படி மேலே ஏறியிருக்கிறது.
டீ திரிந்துபோகும் அளவுக்கு ஆனபின்
செவ்வாய்க்கிழமைகளில் சரக்கு ரயிலோடு
ஒரு டேங்க் வேகன் வந்தது.
அது வராத செவ்வாய்களும் உண்டு.

கட்டங்கள் மட்டும் மாறவே இல்லை:
ஸ்டேஷன். பள்ளிவாசல். அதிகாரிகள் வீடு.
கேம்ப், ஆளுக்கு இரண்டு வாளி.
அதிகாரி வீட்டு அரளிச் செடிக்கு மூன்று.
கடைசிக் கட்டம்: ஆவியானது.

ஒரு ஜனவரி ராத்திரி
கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு கூட்டிப் பார்த்தேன்.
ஜூலையில் ஆவியானது நானூறு காலன்.
ஜனவரியில் ஆயிரத்து நூறு.
தவறு என்று அடுத்த வருஷத்தைப் புரட்டினேன்.
அதற்கடுத்ததை.
வெயிலே இல்லாத மாதத்தில்
மூடி போட்ட தொட்டி எப்படி வற்றும்?

தண்டவாளம் மாற்ற ஆள் வருவது குளிரில்தான்.
எண்பது பேர் படுத்த கேம்ப்பில்
இருநூறு பேர் படுப்பார்கள்.
கோட்டா மட்டும் எண்பது பேருக்கு.

சில்வேராவும் பாவஸீரும் பார்த்துக்கொண்டதில்லை.
இடையில் எட்டு மாதம் இந்த அறை பூட்டிக் கிடந்தது.
கொச்சுண்ணிக்கு அரபி எண்களே தகராறு.
ஆனாலும் நாலு கையெழுத்திலும்
குளிர்காலம்தான் கொதித்திருக்கிறது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.
தொட்டியின் பின்பக்கம்
வரைபடத்தில் இல்லாத ஒரு வால்வு.
மற்றதெல்லாம் துருவேறிக் கிடக்க
அதன் பிடி மட்டும் வழவழவென்று.

குல் ஜமான் அங்கே நின்றிருந்தான்,
காலி எண்ணெய் டின் இரண்டு.
அவனுக்குப் பின்னால் இருட்டில் இன்னும் சில டின்கள்.
பிலவேந்திரன் ஊருக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.
பன்னிரண்டு ராத்திரியும் இவர்கள்
வந்து நின்று திரும்பியிருக்கிறார்கள்.
வால்வு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேட்டேன்.
இடப்பக்கம் என்றான்.

போன வருஷம் கடலில் உப்பெடுத்த தண்ணீர்
இருநூறு கிலோமீட்டர் குழாயில் வந்துவிட்டது.
ரிப்பன் வெட்டினார்கள், பழச்சாறு கொடுத்தார்கள்.
கிணற்றின் வாயில் கான்கிரீட்.
பம்ப் அறைச் சுவரில் ஒரு திரை,
துளி துளியாய் எண்ணும்.
கேம்ப்புக்கு இப்போதும் எண்பது பேர் கணக்குதான்.
ஆவியானது என்ற கட்டம் இல்லை.

மாட்ட வந்த பையன் பெயர் ரோடெல்.
பூட்ஸில் கேம்ப் மண் ஒட்டியிருந்தது.
கசிவு என்று ஏதாவது கட்டம் உண்டா என்று கேட்டேன்.
ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே
உண்டு என்றான்.
எத்தனை சதவீதம் வரை அலாரம் அடிக்காது என்பதை
நான் கேட்காமலே சொன்னான்.